ஆணி கொள்ளாத துண்டு

கிளிநொச்சித் தபாலகத்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் ஒப்பரேட்டராகச் சேர்ந்து மூன்றாம் மாதம். மாரி மழை கொட்டிய ஒரு காலை, போர்டில் மூடிகள் படபடவென்று விழுந்தன. மூடி விழுந்தால் யாரோ அழைக்கிறார். எனக்கோ ஒரே குஷி. எத்தனை விழுந்தாலும் சமாளிப்பேன் என்ற இளந்திமிர்.

எங்கள் முறை இது. வேலை நடுவில் அவசர அழைப்பு குறுக்கிட்டால், விட்ட இடத்தைக் காகிதத் துண்டில் எழுதி மேசை ஆணியில் குத்த வேண்டும். அவசரம் முடிந்ததும் மேல் துண்டை எடுத்துத் தொடர வேண்டும். வெளியூர் அழைப்புக்குப் பதிந்தவர்களின் துண்டுகளும் அதே ஆணியில்தான்.

விசுவமடுச் சங்கக்கடையிலிருந்து மருத்துவிச்சி அழைத்தார். அடுத்த வீட்டில் பிரசவம், பிள்ளை குறுக்கே கிடக்கிறது, அம்புலன்ஸ் வேண்டும் என்றார். அனுப்புகிறேன் என்று சொல்லி ஆஸ்பத்திரிக்கு மணி அடித்தேன். யாரும் எடுப்பதற்குள், வாய்க்கால் உடைப்பெடுத்தது என்று முரசுமோட்டையிலிருந்து அழைப்பு. துண்டெழுதிக் குத்திவிட்டு அதைக் கவனித்தேன். முடித்துத் திரும்பியபோது ஆணியின் மேலே இருந்தது கொக்கிளாய் மீன் முதலாளியின் கொழும்பு அழைப்பு. சந்தேகமே இல்லாமல் அதைப் போட ஆரம்பித்தேன்.

விசுவமடு மூடி மறுபடி விழுந்தது.

"தம்பி, அம்புலன்ஸ் வெளிக்கிட்டிட்டுதோ?"

குனிந்தேன். நுனிவரை நிரம்பியிருந்த ஆணியில் நிற்காமல், அவருடைய துண்டு மேசைக்கடியில் கிடந்தது.

"இல்லை அக்கா. நான் விட்டிட்டன். இந்தா, இப்பவே எடுக்கிறன்."

முதலாளியின் இணைப்பைப் பிடுங்கி ஆஸ்பத்திரிக்கு அடித்தேன். அடிக்க அடிக்க இன்னும் நாலு மூடி விழுந்தது. அவற்றுக்கு எழுதிய துண்டுகளை ஆணிப்பக்கமே கொண்டுபோகவில்லை. போஸ்ட்மாஸ்டர் குடை கொழுவும் கம்பிக் கொழுக்கி கைக்கெட்டியது. குடையைத் தூக்கி எறிந்துவிட்டு அதில் குத்தினேன். ஆஸ்பத்திரி எடுத்தது, அம்புலன்ஸ் புறப்பட்டது. பிறகு கொழுக்கியில் இருந்தவற்றை மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். ஒன்றும் தவறவில்லை. துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது!

அன்றே அந்தக் கொழுக்கியை அவசரத்துக்கென்று ஒதுக்கினேன். எட்டுத் துண்டுதான் நிற்கும் என்று அளந்து, அந்த இடத்தில் சிவப்புப் பூசினேன். சிவப்பைத் தொட்டால் புதியதை எடுக்காமல் கையிலிருப்பதை முடிக்க வேண்டும். போஸ்ட்மாஸ்டர் குடைக்காக இரண்டு நாள் முணுமுணுத்தார்.

பின்னேரம் மருத்துவிச்சி அழைத்தார். தாயும் பிள்ளையும் சுகம் என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன்.

"அந்தத் தாய் என்னட்டைத் திருப்பித் திருப்பிக் கேட்டவா, வருகுதோ எண்டு. ஓம், வருகுது எண்டு சொல்லிக்கொண்டிருந்தனான், தம்பி."

இன்று என்னோடு கம்ப்யூட்டருக்குக் கேர்னல் என்ற அடிப்படை மென்பொருளை எழுதும் பிள்ளைகள், குறுக்கிடும் அவசரமான இன்டரப்டுக்கென்று ஸ்டாக் என்ற தனி ஆணி வீண் மெமரிதானே என்று என்னிடம் வாதாடுகிறார்கள். ஒதுக்குங்கள், அளந்து ஒதுக்குங்கள். நிரம்பி வழிவது நமக்குத் தெரியாது. மறுமுனையில் யாரோ நம்மை நம்பி, வருகுது என்று சொல்லிக்கொண்டிருப்பார்.