எந்த வயதுக்கும் நாற்காலி போட்ட அப்பா

எங்கள் அப்பா ஆஸ்டின் டவுனில் பிறந்து, லிங்கராஜபுரத்தில் வீடு கட்டி, அங்கேயே கண்மூடினார். இடையில் முப்பத்தாறு வருடம் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்தார். பதினெட்டு வயதில் அவருடைய மாமா சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் அந்த வாசலில் இறக்கிவிட்டதோடு அவரது தொழில் தேர்வு முடிந்தது.

"உனக்கு என்னடா புடிக்கும்னு ஒருத்தனும் கேக்கல" என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்வார். "கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?" என்று அம்மா கேட்டால், ரசம் ஊற்றச் சொல்வார்.

ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கேள்வி அவரை விடவில்லை. எங்கள் பங்குக் கோயில் மண்டபத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தொழில் வழிகாட்டி முகாம் நடந்தது. அறுபத்தெட்டு வயது அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அந்தப் பிள்ளைகளோடு வரிசையில் நின்றுவிட்டார். மானம் போகிறதே என்று நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"பேரன் எங்க சார்?" என்றார் ஆலோசகர் அம்மையார்.

"அவன் கிரிக்கெட் ஆடப் போய்ட்டான். கேண்டிடேட் நான்தாம்மா."

படிவத்தில் பாதுகாவலர் கையெழுத்துக்கு ஓர் இடம் இருந்தது. "டேய், வந்து கார்டியன் சைன் போடு" என்று தூணைப் பார்த்துக் கூப்பிட்டார். போட்டேன். ஐந்து வருடத்தில் எங்கே இருக்க விரும்புகிறீர்கள் என்ற கேள்விக்கு, 'கல்லறைத் தோட்டம். அவசரமில்லை' என்று எழுதிவைத்தார்.

அம்மையார் சிரித்து ஓய்ந்து, "உங்களுக்கு அடுத்தவங்க பேசறத கேக்கத்தான் நல்லா வரும் சார்" என்று முடிவு சொன்னார். அம்மா இதை இன்றுவரை நம்பவில்லை.

அடுத்த வாரமே அப்பா பங்குத்தந்தையைப் பிடித்துக்கொண்டார். "பத்தாவது பசங்களுக்கு மட்டும்தான் குழப்பமா ஃபாதர்? அம்பது வயசுக்காரன் எங்க போவான்?" ஞாயிறு பூசைக்குப் பிறகு மண்டபத்தில் ஒரு மேஜையும் இரண்டு நாற்காலியும் கிடைத்தன. அப்பா யாருக்கும் அறிவுரை சொல்லமாட்டார். கேட்பார், எழுதிக்கொள்வார், அந்த வேலையில் இருக்கும் யாருடனாவது ஒருநாள் இருந்து பார்த்துவிட்டு வரச் சொல்வார். போலீஸாக வேண்டும் என்று வந்தவர் பேக்கரியில் சேர்ந்தார். பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்த ஓர் ஆன்ட்டி பஸ் ஓட்டக் கற்றுக்கொண்டார். அவர் கணவர் எங்களோடு இன்னும் பேசுவதில்லை.

நாற்பத்தொன்பது வயதில் என் வேலை போனது. ஒரு மாதம் வீட்டில் சொல்லாமல், தினமும் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஒரு ஞாயிறு அப்பா முழங்கால் வலி, மண்டபத்துக்குப் போகவில்லை என்றார். மேஜையில் வேறு யாராவது இருப்பார்கள் என்று நம்பி மண்டபத்துக்கு வெளியே நீண்ட வரிசையில் நின்றேன். என் முறை வந்து பார்த்தால், நாற்காலியில் அப்பா.

"உக்காருங்க. பேர்?"

"அப்பா..."

"பேர் சொல்லுங்க சார், பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க."

பேரைச் சொன்னேன். வயதைச் சொன்னேன். போன மாதம் வரை இருந்த வேலையையும் சொன்னேன். நிமிராமல் எழுதிக்கொண்டார்.

"வீட்ல சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"எங்கப்பா உடைஞ்சு போயிடுவார்."

பேனா நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவர்கிட்ட நான் பேசறேன். நீங்க ஆக வேண்டியத பாருங்க."

மறுநாள் காலை என் முன்னால் காபியை வைத்துவிட்டு, "உங்கப்பாகிட்ட பேசிட்டேன். கொஞ்ச நேரம் அழுதாரு. இப்ப பரவால்ல" என்றார். பிறகு நான் அழுதேன்.

அவர் அனுப்பிய தொழிற்பயிற்சி நிலையத்தில் ஒருநாள் இருந்து பார்த்தேன். இப்போது அங்கேதான் பாடம் நடத்துகிறேன். சென்ற ஆண்டு அப்பா இதயம் பலவீனமாகி இரண்டு வாரம் மருத்துவமனையில் இருந்தார். அங்கும் ஒரு நர்ஸை மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க வைத்துவிட்டுத்தான் வீடு திரும்பிக் கண்மூடினார்.

அவரைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்கள், செவிலியர்கள், பங்குத்தந்தை, அடக்கத்துக்கு வந்து எங்கள் கையைப் பிடித்துக்கொண்ட உறவினர், நண்பர்கள் எல்லாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. எனக்காக என் அப்பாவிடம் பேசிய அந்த மனிதருக்கு மட்டும், அவர் இருந்தபோது நான் நன்றி சொல்லவில்லை. இங்கே சொல்லிக்கொள்கிறேன்.