மூன்று காலித் தோட்டா

ஆவடியில் நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் ராணுவத்துக்கு ஏதோ ஒன்று செய்துகொண்டிருந்தார்கள். ஒரு பாக்டரியில் வண்டி, இன்னொன்றில் உடுப்பு. பக்கத்து வீட்டு மாமா சட்டைக்குப் பொத்தான் வைக்கிற பிரிவில் இருந்தார். எதிர்வீட்டு மாமா என்ன வேலை செய்கிறார் என்று வெளியே சொல்லக் கூடாதாம். அதை அவரே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். இத்தனை பேர் இருந்தும் என் தீபாவளித் துப்பாக்கிக்கு ஒரு ரோல் கேப்பு கிடைக்க வழியில்லை.

தீபாவளி முடிந்து பத்து நாளில் கடைக்காரர் கேப்பு டப்பாக்களை மூட்டை கட்டி மேலே போட்டுவிடுவார். தேடி எடுக்கச் சொன்னால், அடுத்த வருஷம் வாடா என்பார். ஒன்பது வயதில் ஒரு வருஷம் என்பது எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது. அதனால் பற்றாக்குறையைச் சமாளிக்க நானே சில முறைகளைக் கண்டுபிடித்திருந்தேன். வெடிக்காமல் தப்பிய பொட்டுகளைத் தரையில் தேடிப் பொறுக்குவேன். நமுத்துப்போனதை அம்மாவின் தோசைக்கல் ஆறும்போது அதன் பக்கத்தில் வைத்துக் காயவைப்பேன். பாதி வெடித்ததை இன்னொரு பாதியோடு சோற்றுப் பருக்கையால் ஒட்டுவேன். பத்தில் ஒன்றுகூட வெடிக்கவில்லை. ஆனாலும் ஆயுத விஷயத்தில் நான் ஒரு நிபுணன் என்ற எண்ணம் எனக்கு உறுதியாக இருந்தது. இந்த மாதிரி எண்ணங்கள் இன்றைக்கும் எனக்கு வந்து போகின்றன. இப்போது பெரும்பாலும் குழாய் ரிப்பேர் சம்பந்தமாக வருகின்றன.

அந்த வருஷம் அக்காவுக்கு வந்தது என்னுடையதைவிடப் பெரிய பற்றாக்குறை. கல்லூரியில் அவள் மாணவர் படையில் இருந்தாள். காக்கி உடுப்பு, கனத்த பூட்ஸ், ஞாயிற்றுக்கிழமை பரேடு. துப்பாக்கி சுடுவதில் அவளுக்கு நல்ல கை என்று பயிற்சி கொடுக்கிற ஹவில்தார் சொல்லியிருந்தார். அவரை எல்லாப் பெண்களும் உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவார்கள். மாநில அணிக்கு எங்கள் பக்கத்திலிருந்து ஒரே ஒரு பெண்ணைத்தான் எடுப்பார்கள். அதற்குச் சுட்டுக் காட்ட வேண்டும். சுட்டுப் பழகத் தோட்டா வேண்டும். தோட்டாதான் வரவில்லை. இந்த மாசம் வரும், அடுத்த மாசம் வரும் என்று ஆறு மாசம் ஓடியது. வந்தாலும் ஆளுக்கு ஐந்து கிடைத்தால் அதிகம்.

அக்கா தோட்டாவுக்காகக் காத்திருக்கவில்லை. டூல் ரூமில் வேலை செய்த அப்பாவிடம் சொல்லி மரத்தில் ஒரு ரைபிள் செய்துகொண்டாள். நிஜத் துப்பாக்கியின் எடை வர வேண்டும் என்று அப்பா அடிக்கட்டையைக் குடைந்து இரும்புத் துண்டுகளைச் செருகினார். விரலால் இழுக்கிற குதிரைக்குப் பழைய சைக்கிளின் பிரேக் பிடி. தினமும் சாயங்காலம் அக்கா வாசலில் பாயை விரித்துக் குப்புறப் படுப்பாள். நான் அந்த மரக்குழலின் நுனியில் ஒரு நாலணாக் காசை வைக்க வேண்டும். மூச்சைப் பாதியில் நிறுத்தி அவள் குதிரையை இழுப்பாள். காசு அசையக் கூடாது. விழுந்தால் காசு எனக்கு. இதுதான் ஒப்பந்தம்.

காசு விழுவதற்காக நான் செய்யாதது இல்லை. முகத்தைக் கோணலாக்கினேன். காதருகே தும்மினேன். ஒருநாள் கோழி இறகால் அவள் உள்ளங்காலை வருடினேன். காசு விழவில்லை, நான்தான் விழுந்தேன். அவளுடைய இன்னொரு கால் சும்மாதான் இருந்தது. இரண்டு மாசம் ஒரு நாளும் அந்தக் காசு விழவில்லை.

கடைசியில் ஒரு சனிக்கிழமை, மறுநாள் தோட்டா வருகிறது என்று செய்தி வந்தது. காலையில் ஆளுக்கு ஐந்து. அதில் தேறுகிறவர்களுக்கு மத்தியானம் இன்னும் ஐந்து. அதை வைத்துத்தான் தேர்வு. ஞாயிறு காலை நானும் போனேன். ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் புல் மண்டிய வெளியில் பெரிய மண்மேடு. அதன் முன்னால் குறிப் பலகைகள். பெண்கள் தார்ப்பாயில் படுத்துச் சுட்டார்கள். ஒவ்வொரு முறையும் மஞ்சளாக ஒரு பித்தளைக் குப்பி துள்ளிப் புல்லில் விழுந்தது. சுண்டு விரல் நுனி அளவுகூட இருக்காது. உள்ளே வெறும் காலி.

எனக்கு வழி தெரிந்துவிட்டது. காலிக் குப்பி இங்கே இருக்கிறது. மருந்துக்கு என் கேப்பு இருக்கிறது. ஈயத்துக்குப் பதில் மெழுகுவர்த்தி. அரசாங்கத்தால் முடியாததை நான் செய்து அக்காவிடம் கொடுத்தால் அவள் ஆயுசுக்கும் சுட்டுக்கொண்டே இருக்கலாம். அக்கா சுட்டு எழுந்ததும் செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி அந்த இடத்தில் குனிந்தேன். மூன்று குப்பிகளைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஐந்தையும் எடுத்தால் தெரிந்துவிடும் என்கிற அளவுக்கு எனக்கு அறிவு இருந்தது.

வீட்டுக்கு ஓடித் துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் தொழிற்சாலையைத் தொடங்கினேன். ஒரு குப்பி முடிவதற்கே வெகுநேரம் ஆனது. பொட்டுகளைத் திணித்து, கார்த்திகைக்கு வாங்கிய சிவப்பு மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றி, வாய் சரியாக மூடவில்லை என்று பல்லால் ஒரு கடி கடித்தேன். முன்பல் ஒன்று அப்போதுதான் விழுந்திருந்ததால் கடி கோணலாக விழுந்தது. மற்றபடி அருமையான தோட்டா.

மத்தியானமாகியும் அக்கா வரவில்லை. அம்மா தூக்குச்சட்டியில் சோறு போட்டு என்னை அனுப்பினாள். போய்ப் பார்த்தால், துப்பாக்கிகள் எல்லாம் ஓரமாக அடுக்கியிருக்கின்றன. இருபது பெண்கள் வரிசையாக முழங்கால் போட்டு, வெயிலில் புல்லை விரலால் கோதிக்கொண்டே நகர்கிறார்கள். எல்லாருமாகச் சேர்ந்து பூமிக்கே பேன் பார்க்கிற மாதிரி இருந்தது. மரத்தடியில் தண்ணீர் குடிக்க வந்த ஒரு பெண்ணிடம், என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"காலி கேஸ் மூணு காணோம்டா. எத்தினி சுட்டமோ அத்தினி காலியும் எண்ணித் திருப்பிக் குடுக்கணும். கொறைஞ்சா அடுத்த டப்பா தொறக்கக் கூடாது. அஞ்சு மணிக்கு ஜீப் வந்து மிச்சத்த எட்துகினு பூடும்."

அப்புறம் உஸ்தாத் நிலைமை என்ன என்பதையும் அவளே சொன்னாள். மூன்று குறைந்தால், அந்த மூன்றும் எங்கே போயிற்று என்று விசாரணை வருமாம். தோளில் இருக்கிற பதவிப் பட்டை போய்விடுமாம். மகள் கல்யாணம் வேறு வைத்திருக்கிறாராம்.

அக்காவுக்குத் தோட்டா செய்யப்போன நான், அவளுக்கென்று வந்திருந்த ஐந்து தோட்டாவையும் பூட்டிவைத்துவிட்டேன் என்பது புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் ஒரு முடிவுக்கு வந்தேன். உண்மையைச் சொல்வது என்பது அந்த முடிவு இல்லை. பையில் இருந்த இரண்டு குப்பிகளை, சோறு கொடுக்கப் போகிற சாக்கில் புல்லில் நழுவவிட்டேன். பத்து நிமிஷத்தில் இரண்டும் கிடைத்தன. பெண்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

மூன்றாவதுதான் மெழுகோடு வீட்டில் இருந்தது. ஓடினேன். ஊசியால் நோண்டினேன், மெழுகு வரவில்லை. வெந்நீரில் போட்டேன், பாதி வந்தது. பல்லால் கடித்து இழுத்தேன், வாய் இன்னும் நசுங்கியது. சுட்ட குப்பியில் பல் பட்ட தடம் எப்படி வந்தது என்று யார் கேட்டாலும் வரிசையில் என் பல்தான் முதலில் மாட்டும். இருந்தாலும் அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டு மறுபடியும் ஓடினேன். எப்படியாவது போட்டுவிடுவது என்று.

நான் போனபோது வெயில் சாய்ந்திருந்தது. மற்றப் பெண்கள் அலுத்துப்போய் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். அக்கா ஒருத்திதான் இன்னும் தவழ்ந்துகொண்டிருந்தாள். சட்டைக் கை கிழிந்து முழங்கை சிராய்த்திருந்தது. கொண்டுபோன சோறு திறக்காமலே இருந்தது. உஸ்தாத் அவள் பக்கத்தில் போய் நின்றார்.

"இன்னாம்மா, போதும் எந்திரி. அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

"அடுத்த மாசம் தோட்டா வருமா உஸ்தாத்?"

அவள் தலையைத் தூக்கவில்லை. அடுத்த பிடிப் புல்லை விலக்கினாள். தூரத்தில் ரோட்டுப் பக்கம் புழுதி எழும்பியது. ஜீப்பாகத்தான் இருக்க வேண்டும். உஸ்தாத் அதைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அப்புறம் வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டார். பூட்ஸ் நாடாவைக் கட்டுகிற மாதிரி மெதுவாகக் குனிந்தார். காலையில் நான் குனிந்த அதே இடம்; நான் செய்த அதே வித்தை. நிமிரும்போது அவர் விரல்களுக்கு நடுவே மஞ்சளாக ஒரு காலிக் குப்பி இருந்தது.

"இதோ இங்கதாம்மா கீது. கண்ணு முன்னாடியே கெடந்துகினு இருக்குது" என்றார்.

அக்கா எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு ஒரு சல்யூட் வைத்தாள். கணக்குச் சரியானது. டப்பா திறந்தது. ஜீப்பில் வந்தவர்களை உஸ்தாத் டீ குடிக்க அழைத்துப்போய் உட்காரவைத்துவிட்டுத் திரும்பி வந்தார். மங்கிக்கொண்டிருந்த வெளிச்சத்தில் அக்கா படுத்தாள். மூச்சைப் பாதியில் நிறுத்தினாள். ஐந்து முறை. பலகையைக் கழற்றிக்கொண்டுவந்தபோது உஸ்தாத் ஒரு காசு கேட்டார். அக்காவிடம் அந்த நாலணா இருந்தது. அதை ஓட்டைகளின் மேல் வைத்தார். நான்கு ஓட்டைகள் காசுக்குள் மறைந்தன. ஐந்தாவது ஓரத்தில் எட்டிப் பார்த்தது. போதும் என்றார். அணியில் அவள் பெயர் வந்தது.

என் குப்பி என்னிடமே தங்கிவிட்டது. இரண்டு நாள் கழித்துப் போட்டுவிடலாம் என்றால், ஒன்று கூடினாலும் விசாரணைதானாம். இன்றைக்கும் என் மேஜை இழுப்பறையில் சிவப்பு மெழுகோடு கிடக்கிறது. வாழ்நாளில் நான் முழுசாகச் செய்துமுடித்த பொருள் அது ஒன்றுதான் என்று என் மனைவி சொல்வாள்.

ஆனால் அன்றைக்கு என் மனசை அரித்தது அது இல்லை. உஸ்தாத் என்னைப் போலவே குப்பி திருடுகிறவர் என்பதுதான். எத்தனை வருஷமாக எடுத்துப் பையில் சேர்த்துவைத்திருக்கிறாரோ. வீட்டில் அவரும் மெழுகு ஊற்றுகிறாரோ. ஒரு தொழில்காரனுக்கு இன்னொரு தொழில்காரன் மேல் வருகிற பொறாமை எனக்கு வந்துவிட்டது. ஒரு ராத்திரி முழுக்க அடக்கிவைத்தேன். மறுநாள் சாயங்காலம் அக்கா பாயில் படுத்து, நான் காசை வைத்து, அவள் மூச்சை நிறுத்தியதும், குனிந்து அவள் காதில் சொன்னேன்.

"அக்கா, அந்த மூணாவது கேஸு புல்லுல கெடைக்கல. உஸ்தாத் அவரு பாக்கெட்லேந்து எட்து போட்டாரு. நான் பாத்தேன்."

காசு விழுந்தது.

இரண்டு மாசத்தில் முதல் தடவை. சிமெண்டுத் தரையில் கிணிங் என்று விழுந்து உருண்டு படியோரம் போய் நின்றது. நான் ஜெயித்துவிட்டேன் என்று குதித்தேன். அக்கா எழுந்திருக்கவில்லை. மரக்கட்டையில் கன்னத்தை வைத்தபடி, வெறும் சுவரையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். "எனக்காகவா போட்டாரு?" என்றாள், சுவரிடம். அவள் கண் ஏன் கலங்கியது என்று கேட்க எனக்கு நேரமில்லை. காசைப் பொறுக்கிக்கொண்டு, மேலே போட்ட கேப்பு மூட்டையைப் பிரிக்கச் சொல்லிக் கடைக்காரரிடம் ஓடினேன்.