பேச்சியம்மா அக்காவும் கோயில் மணியும்

செய்தி வந்தபோது எங்கள் தோட்டத்து வரிசை வீட்டுக் காம்பராவில் நான், என் வீட்டுக்காரர், மருமகள் கலா, பால் கொண்டுவந்த முத்தையா அண்ணன் ஆகிய நால்வர் இருந்தோம். அண்ணன் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. மற்றவர்களின் முகம் மாறியதைத்தான் பார்த்தேன். வீட்டுக்காரர் என் வலது காதருகே வந்து, "பேச்சியம்மா அக்கா தூக்கத்திலேயே போயிட்டாங்களாம்" என்றார். வலியில்லாமல் போனார் என்பதே ஆறுதல்.

எங்கள் தோட்டத்துத் தேயிலை பெக்டரி இயந்திரங்களுக்கு நடுவே உழைத்ததில் அக்காவின் காது மந்தமானது. பிறகு உள்ளே ஓயாத இரைச்சல். அதை அவர் மாரியம்மனின் சலங்கை என்றே நம்பினார். ஆஸ்பத்திரி டாக்டர், "இரைச்சலை நிறுத்த மாத்திரை இல்லை, காது மெஷின் போட்டால் அது அடங்கித் தெரியலாம்" என்றபோது, "அம்மா சத்தத்த அமுக்கிட்டு மெஷின் சத்தத்த கேக்கவாங்கையா?" என்று எழுந்து வந்துவிட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் தீபாராதனை முடிந்து எல்லோரும் பொங்கல் வாங்கப் போய்விட்டோம். அக்கா மட்டும் கண்மூடிக் கும்பிட்டபடி நின்றார். நான் திரும்பி வந்து தோளைத் தொட்டேன்.

"மணி அடிச்சாச்சா?"

"அடிச்சு முடிஞ்சிருச்சுக்கா."

இருவரும் வீட்டுக்குத் திரும்பினோம். வாசலில் நின்று சொன்னார்: "காதுக்குள்ள இருக்கது அம்மான்னா, அம்மா மணிய ஏன் எனக்குக் கேக்க விடல?"

பிறகு அவரே டாக்டரிடம் போய் மெஷின் வாங்கினார். அதைப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்த முதல் நாள் என் கையைக் கிள்ளினார். "ஏன்டி, நம்ம பூசாரி பஸ்ஸுக்கு ஓடுறவரு மாதிரியா மந்திரம் சொல்றாரு? இத்தன வருசமா ஒருத்தியும் சொல்லலியே."

எனக்கும் இரைச்சல் தொடங்கியபோது, மூளையில் ஏதோ வந்துவிட்டது என்று பயந்து வீட்டில் மறைத்தேன். அக்காதான் கிளினிக்குக்கு இழுத்துப் போனார். சோதித்துப் பார்த்து, ஆபத்தான நோய் இல்லை, கேட்கும் திறன்தான் குறைந்திருக்கிறது என்றார்கள். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன். "உங்களுக்கு இரைச்சல் போயிருச்சாக்கா?" என்று கேட்டதற்கு, "போகல. பக்கத்து காம்பரா ரேடியோ மாதிரி அது பாட்டுக்குப் பாடுது. நான் என் வேலையப் பாக்குறேன்" என்றார். அந்தப் பேச்சை நான் வைத்துக்கொண்டேன். பயத்தை விட்டுவிட்டேன்.

இன்னொன்றையும் வைத்துக்கொள்ள ஆசை. கொழும்பிலிருக்கும் அக்காவின் மகள் மலருக்கு இது: அம்மாவின் மெஷினை என் காதுக்கு ஏற்ப மாற்றித் தரலாம் என்று கிளினிக்கில் சொல்கிறார்கள். எனக்குத் தர மனம் இருக்கிறதா, மலரு? நீ ஞாபகமாக வைத்துக்கொள்ள நினைத்தாலும் வருத்தமில்லை, வேறு வழி பார்ப்பேன். எதுவானாலும் அடுத்த கிளினிக்குக்கு முன் பதில் சொல்லு. தொலைபேசியில் வேண்டாம், எழுதி அனுப்பு.