பதினாலு என்று காட்டியவர்

யார் எந்த எண்ணைச் சொன்னாலும் ராய்ஸ் குசேரா அதை ஒருமுறை திருப்பிச் சொல்வார். சொன்னவர் தலையாட்டும்வரை பேனா மூடியைத் திறக்க மாட்டார். கூட்டுறவுத் தானியக் கிடங்கின் எடைமேடையில் இருபத்தெட்டு வருடமாக இதுதான் நடக்கிறது. மக்காச்சோளம் ஏற்றிய லாரி வந்து நிற்கும். தானியத்தில் எத்தனை சதவீதம் ஈரம் என்று பார்க்கிற பெண் ஜன்னல் வழியாக, "பதினாறரை" என்பாள்.

"பதினாறரை. பதினாறரைதானே?"

"ஆமா."

"என்னைப் பார்த்துச் சொல்லு."

அவள் பார்த்துச் சொன்ன பிறகுதான் எழுதுவார்.

"கல்யாணத்தன்னைக்குப் பாதிரியார் கேட்டதுக்கே இவன் ரெண்டு தடவை திருப்பிக் கேட்டிருப்பான். ஜோலீன் பாவம்," என்று லாரிக்காரர்கள் கேலி செய்வார்கள். ராய்ஸும் சேர்ந்து சிரிப்பார். நானூறு பேர் இருக்கிற பிளம் ஃபோர்க் மாதிரி ஊரில், தன்னைப் பற்றிய கேலிக்குத் தானே சிரிக்கத் தெரியாதவன் காலம் தள்ள முடியாது. அவருக்கு ஊர் வைத்த பெயர் வேறு இருந்தது: மூணு கெஜம். "டேய் மூணு கெஜம், இந்த வருஷம் மழை எப்படி?" என்று நேருக்கு நேராகவே கேட்பார்கள். அந்தப் பெயர் வந்தபோது அவருக்கு வயது பதினேழு.

பள்ளியில் மொத்தப் பையன்களே குறைவு என்பதால் பதினோரு பேர் ஆட வேண்டிய அமெரிக்கக் கால்பந்தை எட்டு பேர் ஆடினார்கள். நெப்ராஸ்காவில் அப்படிப்பட்ட பள்ளிகள் நிறைய. ராய்ஸ்தான் குவார்ட்டர்பேக். பந்து முதலில் அவன் கைக்கு வரும். பக்கத்தில் ஓடி வருகிறவனிடம் கொடுப்பதா, தூரத்தில் நிற்கிறவனுக்கு எறிவதா என்பதைக் கோட்டுக்கு வெளியே நிற்கும் கோச் தீர்மானிப்பார். கோச்சின் பெயர் மெர்ல் டீட்ஸ். தொப்பிக்குள் ஓர் அட்டை வைத்திருப்பார். அதில் வரிசையாக எண்கள், ஒவ்வோர் எண்ணுக்கும் ஓர் ஆட்டம். அதே அட்டையின் நகல் ராய்ஸின் இடது மணிக்கட்டுப் பட்டையில் இருக்கும். கோச் விரல்களால் எண்ணைக் காட்டுவார். ராய்ஸ் மணிக்கட்டைப் பார்த்து மற்றவர்களுக்குச் சொல்வான்.

அந்த நவம்பரில் மாநில அரையிறுதி. ஊர் வரலாற்றிலேயே முதல் தடவை. இருபதுக்கு இருபத்துநாலு என்று பின்தங்கியிருந்தார்கள். நாற்பது விநாடி பாக்கி. எதிரணியின் கோட்டுக்கு மூன்றே கெஜம்; பந்தோடு அதைத் தாண்டினால் ஜெயம். இன்னும் இரண்டு முயற்சி கையில் இருந்தது. ரயில் எஞ்சின் மாதிரி ஒரு பையன், ஓடி மோதுவதற்கென்றே, ராய்ஸுக்குப் பின்னால் நின்றான். கோச் பத்து விரலையும் விரித்து மூடி, பிறகு நான்கைக் காட்டினார்.

பதினாலு. ராய்ஸ் அட்டையைப் பார்த்தான். பதினாலுக்கு நேரே, லானிக்குக் குறுக்கே எறி என்று இருந்தது. தூரத்தில் ஓடிப் பந்தைப் பிடிக்கிறவன் லானி.

அவனுக்குச் சுருக்கென்றது. கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் வந்து பந்தை எறியச் சொல்கிற ஆள் இல்லை டீட்ஸ். "கால் இருக்கும்போது கை எதுக்குடா?" என்பதுதான் அவர் வேதம். ராய்ஸ் திரும்பிப் பார்த்தான். கோச் கையைத் தட்டி, ம், ம், சீக்கிரம் என்று விரட்டினார். ராய்ஸ் எறிந்தான். லானி கையை நீட்டினான். பந்து அவனுக்கு ஒரு சாண் முன்னால் போனது. எதிரணிப் பையன் ஒருவன் அதை மார்போடு அணைத்துக்கொண்டு பனியில் விழுந்தான்.

முடிந்தது.

"நான் ஓடத்தான் சொன்னேன். பையனுக்கு எறியணும்னு தோணியிருக்கு," என்று கோச் பத்திரிகைக்காரரிடம் சொன்னார். அதைச் சொன்னபோது அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் அவர் நம்பினார்.

திங்கட்கிழமைகளில் ஊர்ப் பெரிய மனிதர்கள் உணவுக்கடைப் பின்னறையில் கூடி, கோச்சோடு உட்கார்ந்து வெள்ளிக்கிழமை ஆட்டத்தின் படச்சுருளைப் பார்ப்பார்கள். அதற்குப் பெயர் குவார்ட்டர்பேக் கிளப். ஆனால் எந்தக் குவார்ட்டர்பேக்கும் அதற்குள் நுழையக் கூடாது. ராய்ஸின் அப்பா எமில் அதில் உறுப்பினர். தோற்ற பிறகு வந்த திங்களன்று அந்த ஒரு காட்சியை ஒன்பது தடவை ஓட்டினார்களாம். ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர், "ஏம்ப்பா எறிஞ்சான்?" என்று கேட்டிருக்கிறார். எமில் தட்டில் இருந்த ஆப்பிள் பணியாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகனுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை ராய்ஸ் மணிக்கட்டு அட்டையை எடுத்துக்கொண்டு கோச்சின் அறைக்குப் போனான்.

"கோச், பதினாலுன்னா என் அட்டையில இதுதான் இருக்கு."

டீட்ஸ் வாங்கிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி உள்ளே இருந்த தன் அட்டையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். ஆட்டத்துக்கு முந்தின நாள், வியாழக்கிழமை, அவர் வரிசையில் கடைசி இரண்டு எண்களை மட்டும் மாற்றியிருந்தார். அவர் மனைவி புது அட்டையைத் தட்டச்சு செய்து பையனுக்குக் கொடுத்திருந்தாள். கோச்சின் தொப்பிக்குள் இருந்தது அதற்கு முந்தின பழைய அட்டை. அதில் பதினாலு என்றால் ஓட்டம்.

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு இரண்டு அட்டைகளையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இதை என்கிட்ட விடு, ராய்ஸ். திங்கக்கிழமை கிளப்புல நானே சொல்றேன். நான் சொன்னாத்தான் எடுபடும். நீ சொன்னா சாக்கு சொல்றான்பாங்க."

அது நியாயமாகத்தான் பட்டது. பதினேழு வயதுக்காரனுக்கு, தன்னைத் தோளில் தட்டி ஆளாக்கியவர் சொல்வது வேறு எப்படிப் படும்? அந்தத் திங்கள் வந்தது, போனது. அடுத்ததும் போனது. பிறகு கூடைப்பந்துக் காலம் வந்துவிட்டது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் சட்டைப்பையில் இருந்தது. பழி தெருவில் நடந்துகொண்டிருந்தது.

அட்டையைக் கொடுத்திருக்கக் கூடாது என்று ராய்ஸுக்குப் பிறகு புரிந்தது. ஆனால் அதற்காக அவர் கோச்சை வெறுத்துவிடவில்லை, அதுதான் விசித்திரம். முப்பது வயதில் கிடங்கு வேலையோடு பள்ளிப் பேருந்தும் ஓட்டத் தொடங்கினார். வெளியூர் ஆட்டத்துக்குப் போகும்போதெல்லாம் கோச் முதல் இருக்கையில், அவருக்கு இரண்டடி பின்னால் உட்கார்ந்து வருவார். பதினாறு வருடம் அப்படிப் போனார்கள். ஒருமுறை, பையன்கள் எல்லாம் இறங்கிய பிறகு, டீட்ஸ் அவர் தோளில் கை வைத்து, "நான் எதையும் மறக்கலைடா" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ராய்ஸ் இன்னும் எத்தனையோ வருடம் காத்திருந்தார். மனைவி ஜோலீனுக்கு மட்டும் விஷயம் தெரியும். "நீயே போய்க் கத்து. அந்த ஆளு வாயிலிருந்து முத்து உதிரும்னு இன்னும் எத்தனை நாளைக்கு?" என்பாள். தானே சொன்னால் அது வழக்கு. கோச் சொன்னால்தான் அது உண்மை. அப்படி ஒரு கணக்கு அவருக்கு.

டீட்ஸுக்கு எண்பத்தொன்று ஆனபோது மைதானத்துக்கு அவர் பெயரை வைக்க ஊர் முடிவு செய்தது. விழாவுக்கு முந்தின வாரம் கிடங்குக்கு அவரிடமிருந்து தொலைபேசி வந்தது.

"சனிக்கிழமை வந்துடுடா. குடும்பத்தோட வா. அந்த ஆட்டத்தைப் பத்திப் பேசப்போறேன்."

"அந்த ஆட்டமா, கோச்?"

"வேற எது? நேரம் வந்தாச்சு."

ராய்ஸ் முடிவெட்டிக்கொண்டார். புதுச் சட்டை வாங்கினார். லிங்கன் நகரத்தில் படிப்பை முடித்துவிட்டு அங்கேயே வேலை தேடிக்கொண்டிருந்த மகள் டெஸ்ஸை வரச்சொன்னார். அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். "நான் எதுக்குப்பா?" என்று கேட்டாள். "நீ கேட்கணும்," என்றார்.

பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் மதிய விருந்து. வழக்கம்போல் பீன்ஸும் கறியும் போட்ட காரச் சாறு, தொட்டுக்கொள்ள இலவங்கப்பட்டை தூவிய இனிப்பு ரொட்டி. ராய்ஸ் ஒரு கரண்டிகூடச் சாப்பிடவில்லை. டீட்ஸைப் பிடித்து மேடையேற்றினார்கள். அவர் மைக்கை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார்.

"ஆட்டத்துல ஜெயிக்கிறதுக்கு யார் வேணா கத்துக்கொடுப்பான். நான் என் பையன்களுக்குக் கத்துக்கொடுத்தது வேற. மன்னிக்கிறது. எண்பத்தேழுல அந்த மூணு கெஜம் உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும்..."

கூடம் சிரித்தது. யாரோ விசிலடித்தார்கள்.

"ஊரே அந்தப் பையனைத் திட்டிச்சு. நான் அவனை அன்னைக்கே மன்னிச்சுட்டேன். நாற்பது வருஷத்துல அவனை ஒரு கேள்வி கேட்டதில்ல. ராய்ஸ், எழுந்திருடா. எல்லாரும் பார்க்கட்டும்."

கைதட்டல் எழுந்தது. ஜோலீன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள், எழுந்திருக்காதே என்று. ராய்ஸ் எழுந்தார். கையை ஆட்டினார். கோச்சின் கண்ணில் நீர் இருந்தது. மனிதர் நடிக்கவில்லை என்பது ராய்ஸுக்குத் தெரிந்தது. அத்தனை வருடத்தில் டீட்ஸ் அந்த இரண்டு அட்டைகளையும் தன் மனதிலிருந்தே கழித்துக்கட்டிவிட்டிருந்தார். பொய் சொல்கிறவனிடம் ஒருநாள் உண்மை வரும் என்று காத்திருக்கலாம். நம்பிவிட்டவனிடம் எதற்குக் காத்திருப்பது?

வண்டியில் திரும்பும்போது டெஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்போ உன்மேல ஒரு தப்பும் இல்லையாப்பா?"

"என்னடி கேள்வி இது, இன்னைக்குப் போய்," என்றாள் ஜோலீன்.

"கேட்கட்டும்," என்றார் ராய்ஸ். "இருந்துச்சு. எண் தப்புன்னு எனக்குத் தோணிச்சு. ஒரு டைம்-அவுட் கையில பாக்கி. ஆட்டத்தை நிறுத்திட்டு ஓடிப்போய்க் கேட்டிருக்கலாம். கோச்சைக் கேள்வி கேட்கப் பயம். அப்புறம், எறிஞ்சது நான்தானே. நல்லா எறியலை."

"அந்த லானி? அவன்மேல தப்பு இல்லையா?"

ராய்ஸ் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். ஜோலீன் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். இது அவளுக்கும் தெரியாத பக்கம்.

"கிளப்புலேருந்து வந்த ராத்திரி எங்கப்பா என் அறை வாசல்ல நின்னாரு. அந்த லானி வைட் பையன் லேட்டா ஓடினானாடான்னு கேட்டாரு. எனக்காக ஏதாவது ஒண்ணு வேணும் அவருக்கு, நாலு பேர் முன்னால சொல்ல. நான் ஆமா, கொஞ்சம் லேட்டுன்னேன்."

"லேட்டா ஓடினானா?"

"இல்ல. அவன் நிக்க வேண்டிய இடத்துலதான் நின்னான்."

எமில் மறுநாள் உணவுக்கடையின் காலைக் காப்பி மேஜையில் அதைச் சொன்னார். பண்ணைக் கூலியின் மகன் லானி வைட். அவனுக்காக அந்த மேஜையில் பேச யாரும் இல்லை. ஊர்ப்பேச்சு தாங்காமல், படிப்பு முடியும் முன்பே கிராண்ட் ஐலண்டில் இறைச்சி ஆலைக்கு வேலைக்குப் போய்விட்டான். ராய்ஸ் ஊரோடு இருந்து கேலியைச் சிரித்துச் சிரித்துத் தேய்த்தார். லானிக்கு அந்த வாய்ப்பும் கிடைக்கவில்லை.

"அப்பா," என்றாள் டெஸ், "நீ கோச்கிட்ட எதிர்பார்த்தது ஒரே ஒரு வார்த்தைதானே? அதை லானிகிட்ட போய்ச் சொல்லிடேன்."

"சொல்றேன்," என்றார்.

அக்டோபரில் பேருந்து கிராண்ட் ஐலண்ட் பக்கம் போகும் நாள் வந்தது. பையன்களை மைதானத்தில் இறக்கிவிட்டு, லானியின் தங்கையிடம் வாங்கிய விலாசத்தோடு நடந்தார் ராய்ஸ். லானி வீட்டு முன்னால் புல்வெட்டும் இயந்திரத்தைக் கவிழ்த்துப்போட்டு அதன் கத்தியைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஆலை வேலையில் வலது கைவிரல்கள் மடங்கிப்போயிருந்தன. நிமிர்ந்து பார்த்தவுடனே அடையாளம் தெரிந்துவிட்டது.

"ராய்ஸா? அடப்பாவி, என்னடா இப்படிப் பீப்பாய் ஆயிட்டே!"

"நீ மட்டும் என்ன? தலையில ஒரு முடியக் காணோம்."

படியில் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். பிள்ளைகள், மூட்டுவலி, சோளத்தின் விலை என்று பேச்சு ஓடியது. ராய்ஸ் கோப்பையைக் கீழே வைத்தார். இதோ இப்போது என்று நினைத்தபோது லானி முந்திக்கொண்டார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா. ரொம்ப நாளா உறுத்துது. அன்னைக்கு நான் லேட். முதல்ல நம்பலை. எல்லாரும் சொல்லச் சொல்ல யோசிச்சுப் பார்த்தேன், சரிதான்னு பட்டுச்சு. ஓரடி முன்னால போயிருந்தா பந்தைப் பிடிச்சிருப்பேன். உன்னை ஊரே மூணு கெஜம்னு கூப்பிடுதாம். என்னால வந்தது அது. மன்னிச்சுக்க."

ராய்ஸின் வாய் திறந்தது. தெருவின் அந்தக் கோடியில் இசைக்குழு முரசு தட்டிப் பழகிக்கொண்டிருந்தது. லானி மடங்கிய விரல்களால் கோப்பையைப் பிடித்தபடி காத்திருந்தார். அந்த முகத்தில் இருந்த எதிர்பார்ப்பை ராய்ஸுக்கு நன்றாகத் தெரியும்.

"அட விடுடா," என்றார் ராய்ஸ். "நான் அதை அன்னைக்கே மறந்துட்டேன்."

லானி ஒரு பெருமூச்சு விட்டார். எழுந்து ராய்ஸை இறுகக் கட்டிக்கொண்டார். "நீ பெரிய மனுஷன்டா," என்றார்.

அடுத்த நாள் டெஸ் தொலைபேசியில் கேட்டாள், சொன்னாயா என்று. பார்த்தேன் என்றார் ராய்ஸ். நன்றாக இருக்கிறான் என்றார். அதற்குப் பிறகு கிராண்ட் ஐலண்ட் பக்கம் பேருந்து மூன்று முறை போய்விட்டது. தான் சரியான இடத்தில்தான் நின்றோம் என்பது லானி வைட்டுக்கு இன்னும் தெரியாது.