ஐம்பத்தாறு மண் உருண்டைகள்

சவளக்கடையில் வயற்காவல் பார்க்கும் மக்கீனுக்கு நாய் என்றால் உயிர். ஆனால் அதன் எச்சில் கையில் பட்டால் மார்க்கம் சொன்னபடி ஏழு தரம் கழுவுவார், அதில் ஒரு தரம் மண்ணால். இரண்டையும் விட்டுக்கொடுக்க மாட்டார். பன்றியிடமிருந்து நாய் காத்த நெல்லைத் தின்றுவிட்டு, நாய் வைத்திருப்பவனைக் கண்டு முகம் சுளிப்பவர்களைத்தான் அவருக்குப் பிடிக்காது.

முந்திய நாய்க்கு நுளம்பு கடித்து இரத்தத்தில் புழு. யாரோ சொன்னார்கள் என்று உடனே புழுவைக் கொல்லும் ஊசி போடுவித்தார். இரண்டாம் நாள் மூச்சு முட்டிச் செத்தது. விதி என்றது ஊர். விதியல்ல, அவசரம்.

இப்போதைய நாய் சூரனும் இருமத் தொடங்கியதும் மிருக வைத்தியர் சுஜித்தாவிடம் ஓடினார்.

"ஊசி மட்டும் வேணாம் டொக்டர். போன நாய அதுதான் சாகடிச்சது."

"ஊசி போடத்தான் வேணும் மக்கீன் காக்கா, ஆனா இப்ப இல்ல. செத்த புழு ரத்தக்குழாய அடைக்கிறது ஒரு பக்கம். புழுவுக்குள்ள ஒரு கிருமியும் குடியிருக்கு. புழு செத்தா அது வெளிய கொட்டும். அதக் கண்டதும் நாயிட உடம்பு சண்டைக்கு எழும்பும். அந்தச் சண்டையில வீங்குறது நாயிட நுரையீரல்தான்."

"கள்ளனப் புடிக்கப் போய் காவல் வாடிக் குடிசையக் கொளுத்தின மாதிரி?"

"ஓம். அதால முதல்ல கிருமியக் கொல்லுவம். இருபத்தெட்டு நாள், காலையும் பின்னேரமும் ஒவ்வொரு குளிசை. ஒண்டும் தவறக்கூடாது."

மீனுக்குள் குளிசையை வைத்து ஊட்டினால் சூரன் கையை நக்காமல் விடாது. ஆகவே மக்கீன் வயல் வரம்பின் சுத்தமான மண்ணில் ஐம்பத்தாறு உருண்டை பிடித்து வாடிப் பலகையில் அடுக்கினார். குளிசைக்கு ஓர் உருண்டை.

கடைசிப் பின்னேரம் குளிசை முடிந்தது. கை கழுவிய பிறகும் பலகையில் ஓர் உருண்டை மிச்சம். அட்டாளைச்சேனைக்கு ஒரு சாவுக்காக மையத்து வீட்டுக்குப் போன பின்னேரம் அவர் குளிசை கொடுக்கவில்லை. அந்தக் குளிசை எங்கே? சேற்றில் விழுந்ததா? நாளைக்கு ஊசி!

தேநீரோடு வந்தாள் மனைவி சுஹறா. இருபது வருடமாக நாய்க்குப் பக்கத்தில் போகாதவள்.

"ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

"ஒரு குளிசை தவறிட்டு புள்ள. மையத்துக்குப் போன அண்டு."

"அண்டு சோறு கொண்டு வந்த நான்தானே குடுத்த."

"நீயா! நக்கியிருக்குமே?"

"நக்கினதுதான். கழுவினன்."

"உருண்டை கிடக்கே, மண் போடல்லையா?"

"அல்லாஹ்ட மண் உங்கட பலகையில மட்டுமா கிடக்கு?"

மறுநாள் ஊசி போட்டார்கள். ஓடவிடாமல் கட்டி வைத்தார்கள். சூரனுக்கு மூச்சு முட்டவில்லை. கட்டுண்ட எரிச்சலில் ஊரையே குரைத்துத் தீர்த்தது. மிஞ்சிய உருண்டை இன்னும் பலகையில்தான் இருக்கிறது. சுஹறாவுக்குத் தேவைப்படும் என்கிறார் மக்கீன்.