எதையும் பார்க்காத ஒடில்சன்

"இந்தக் குன்றுல என்னை மாதிரி எதையுமே பார்க்காத ஆம்பிள இன்னொருத்தன் இருந்தா கூட்டிட்டு வாங்க. கடையை அவன் பேருக்கே எழுதி வெச்சிடறேன்!"

சவால் விட்டவர் ஒடில்சன். பிரேசிலின் ரியோ நகரத்தில், ஏழை வீடுகள் அடைந்து கிடக்கும் எங்கள் குன்றின் படிக்கட்டும் தார்ச்சாலையும் சந்திக்கிற முக்கில் காபியும் கரும்புச் சாராயமும் விற்பவர். குன்றில் எது நடந்தாலும் அந்தக் கடை வாசலில்தான் நடக்கும். அந்த நேரம் பார்த்து ஒடில்சன் தலை குனிந்து டம்ளர் துடைப்பார். எதிர்வீட்டுச் சுவர் குண்டு பாய்ந்து சல்லடையானபோது, மழை பெய்கிறது என்று நினைத்ததாக வாக்குமூலம் கொடுத்த மகான்.

"நம்ம கல்யாணத்தன்னைக்கு என்னையாவது பார்த்தியாய்யா?" என்பாள் மனைவி ஜுசாரா.

"சத்தியமா இல்ல."

அப்போதுதான் சினிமாக்காரர்கள் வந்தார்கள். லஞ்சப் போலீஸை ஏழைப் பிள்ளைகள் மடக்குகிற படம். நடித்தவர்கள் எங்கள் பிள்ளைகள். படத்தில் அவர்களுக்குத் தலைவி, துணி வெளுக்கும் மார்லியின் மகள் தாயினாரா.

போலீஸ் ஏறி வந்தால் அடிவாரத்தில் வெடி போட்டு எச்சரிப்பது எங்கள் வழக்கம். வேஷப் போலீஸ் ஓயாமல் ஏறி இறங்கியதில் வெடிக்காரர்கள் அலுத்துப்போய், படம் முடியும்வரை வெடிக்கு விடுமுறை விட்டார்கள். ஆகவே நிஜ சார்ஜென்ட் வந்த அன்று ஓர் ஊசிவெடிகூட வெடிக்கவில்லை.

ஒடில்சனுக்கு மட்டும் விளங்கிவிட்டது. வேஷப் போலீஸ் காபிக்குக் காசு கொடுக்கும். இந்த ஆள் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு நடந்தார்.

"படம் புடிக்க பர்மிட் இல்லையா? அப்ப இது விசாரணைக்கு" என்று கேமராப் பெட்டியைத் தோளில் மாட்டினார் சார்ஜென்ட். டைரக்டர் ஒதுங்கி வழிவிட்டார்.

தாயினாரா குறுக்கே பாய்ந்தாள். அவரைப் புது நடிகர் என்று நினைத்துப் பட வசனத்தையே எடுத்துவிட்டாள்.

"பெட்டியைக் கீழ வை, திருட்டு சார்ஜென்ட்! ஊரே பார்த்துக்கிட்டு இருக்கு!"

"ஐயோ, இந்த மாமா மொறைக்கிறதைப் பாருங்கடா! பழைய ஆளைவிட சூப்பர்!" என்று மற்ற பிள்ளைகள் கைதட்டினார்கள்.

ஒடில்சன் வேண்டாம் என்று தலையாட்டினார். பாராட்டுகிறார் என்று எண்ணி, அவள் அதே வசனத்தை இன்னும் சத்தமாகச் சொன்னாள்.

சார்ஜென்ட் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "பெட்டியைத் திருடினது இவதான். கையும் களவுமா புடிச்சிருக்கேன். ஏறு ஜீப்புல."

போன வருஷம் அந்த ஜீப்பில் ஏறிய ரொட்டிக்கடை ஆள் இன்னும் இறங்கவில்லை.

"கட் சொல்லுங்க" என்றாள் தாயினாரா, டைரக்டரைப் பார்த்து. அவர் தன் செருப்பை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது. "மாமா..." என்றாள் கடைப் பக்கம் திரும்பி.

"யாராவது வேற மாதிரி பார்த்தீங்களா?" சார்ஜென்ட் சுற்றிலும் பார்த்தார். மேலே ஒரு ஜன்னல் சாத்திக்கொண்டது. அவர் ஒடில்சனைப் பார்த்துச் சிரித்தார். "உன்னைக் கேக்கவே வேண்டாம். உன் பெருமை ஸ்டேஷன் வரைக்கும் வந்திருக்கு."

ஒடில்சன் டம்ளரைக் கீழே வைத்தார். ஜுசாரா அதை எடுத்துக்கொண்டாள்.

"பார்த்தேன் சார்" என்றார், பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கும் குரலில். "பெட்டியை எடுத்தது நீங்க. பாப்பா தொடவே இல்ல."