பிராதில் இல்லாத பெயர்

என் வீட்டுக்காரர் எழுதுகிற காகிதத்தில் எல்லாம் வெள்ளையாகக் கைரேகை இருக்கும். சென்னையில் அவருடைய கதைப் புத்தகங்களைப் போடுகிற பாலகிருஷ்ணன் சார் ஒரு தடவை போனில், கொலைக் கதைக்கு விபூதி பூசியா அனுப்புகிறீர்கள் என்று கேட்டார். விபூதி இல்லை, களிமண்.

என் வீட்டுக்காரர் பெயர் கலியமூர்த்தி. விருத்தாசலம் செராமிக் பேட்டையில் ஒரு பொம்மைக் கம்பெனியில் அச்சுக்குள் மண்ணுக்கூழ் ஊற்றுகிற வேலை. ஊற்றிவிட்டால் கூழ் இறுகுகிறவரை காத்திருக்க வேண்டும். மற்றவர்கள் அந்த நேரத்தில் பீடி பிடிப்பார்கள், ஊர்க்கதை பேசுவார்கள். இவர் மண்மூட்டை மேல் உட்கார்ந்து எழுதுவார். ஒரு பிள்ளையார் இறுகுவதற்குள் ஒரு பக்கம் ஆகிவிடும். மாதம் ஒரு கதை. புத்தகத்தின் மேல் பெயர் விருதை ராஜ்மோகன் என்று இருக்கும். அந்தப் பெயரில் இதுவரை நூற்றுப் பத்துப் பேருக்கு மேல் கொன்றிருக்கிறார். நேரில் கரப்பான்பூச்சியைக்கூட முறத்தில் ஏந்திக்கொண்டுபோய் வேலியோரம் விட்டுவிட்டு வருவார்.

நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். ஆனால் என் எழுத்து உருண்டையாக இருக்கும். அவர் கிறுக்கியதை எல்லாம் நான்தான் நல்ல தாளில் எடுத்து எழுதுவேன். அதனால் அவர் தொழிலின் சூட்சுமம் எனக்கும் கொஞ்சம் தெரியும். பத்தாவது பக்கத்துக்குள் பிணம் விழ வேண்டும். இருபதாவது பக்கத்துக்குள் குற்றவாளி கதைக்குள் வந்திருக்க வேண்டும். அது யாராக இருக்கும் என்பதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தார். "படிக்கிறவங்க யாரப் பாத்து ஐயோ பாவம்ங்குறாங்களோ, அவங்கதான் ஆளு. அப்பதான் கடைசியில தூக்கி வாரிப்போடும்" என்பார். எனக்கு அது பிடிக்காது. பாவப்பட்டவர்களைத் திருடர்களாக்குவது என்ன புண்ணியம்? ஆனால் கதைதானே என்று விட்டுவிடுவேன்.

வெள்ளிக்கிழமைகளில் நான் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்விடுவேன். அங்கே முருகன்தான் நீதிபதி. பொருளைத் தொலைத்தவர்கள், பங்காளியால் ஏமாந்தவர்கள், புருஷனால் கைவிடப்பட்டவர்கள் என்று எல்லாரும் தங்கள் குறையை ஒரு வெள்ளைத்தாளில் சாமிக்கு எழுதி, சன்னதியில் வைத்து வாங்கி, அங்கேயே இருக்கிற முனியப்பர் வேலில் கட்டிவிட்டுப் போவார்கள். பிராது கட்டுவது என்று பெயர். தொண்ணூறு நாளில் சாமி தீர்ப்புச் சொல்லும். எழுதத் தெரியாதவர்களுக்கு நான் எழுதிக் கொடுப்பேன். கைமாறு எதுவும் வாங்குவதில்லை. சாமிக்கு என்னால் ஆனது அதுதான்.

2004-ஆம் வருஷம் தை மாதக் கடைசியில் இரண்டு பெண்கள் வந்தார்கள். ஊர் கருவேப்பிலங்குறிச்சி. மூத்தவள் பூவாயி. மற்றவள் அவளுடைய ஓரகத்தி வீராயி. கொழுந்தன் செத்துப்போன பிறகும் அதே வீட்டில் இருப்பவள். பூவாயி நெல்லுக் குதிருக்குள் சுருக்குப்பையில் போட்டு வைத்திருந்த மூன்று பவுன் சங்கிலி, பேத்திக்குக் காது குத்தின மறுநாள் காணோம்.

யார் மேல் சந்தேகம் என்று கேட்டேன்.

"பேரெல்லாம் வேணாம் எழுத்தம்மா. நாம ஒரு பேரச் சொல்லி அவங்க எடுக்காம இருந்தா பாவம் நம்மள சும்மா வுடுமா? யாருன்னு சாமிக்குத் தெரியும், அதுவே சொல்லட்டும்" என்றாள் பூவாயி.

அவள் சொல்லச்சொல்ல வீராயிதான் அதிகமாக அழுதாள். பொருளைத் தொலைத்தவளைவிட அவள் அழுததைப் பார்த்து நான் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

மறுநாள் மத்தியானம் கம்பெனிக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது இதை அவரிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். பிராது என்பது சாமிக்கும் எழுதினவருக்கும் நடுவில் உள்ளது. எழுதிக் கொடுக்கிற கை அதை மறந்துவிட வேண்டும். நான் மறக்கவில்லை. அவருக்கோ அந்த மாதம் கதை ஓடாமல் கிடந்தது. சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "அழுதது யாரு? தொலச்சவளா, கூட வந்தவளா?" என்று கேட்டார்.

பத்து நாளில் கதை முடிந்தது. 'நெல்லுக்குள் ஒரு தடயம்' என்று தலைப்பு. நான் எடுத்து எழுதிக்கொண்டே வந்தேன். எண்பதாவது பக்கத்தில், கூட இருந்து தேடி, கூட இருந்து அழுத செண்பகம்தான் சங்கிலியை எடுத்து மாட்டுக்கொட்டகையில் புதைத்தாள், அதைப் பார்த்துவிட்ட கிழவனையும் அவள்தான் கொன்றாள் என்று வந்தது. எனக்குக் கை நின்றுவிட்டது. அந்தப் பெண்ணைப் போலவே இருக்கிறதே என்று சொன்னேன். பேரை மாற்றிவிட்டேன், ஊரையும் மாற்றிவிட்டேன், கருவேப்பிலங்குறிச்சியில் யார் இதைப் படிக்கப் போகிறார்கள் என்றார். குதிர் அப்படியே இருந்தது. காதுகுத்து அப்படியே இருந்தது. அழுகையும் அப்படியே இருந்தது. மீதிப் பக்கங்களையும் என் உருண்டை எழுத்தில் எழுதி முடித்தேன்.

பங்குனியில் ஒருநாள் காலையில் பூவாயி எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். கையில் தாம்பாளம். தேங்காய், பழம், வெற்றிலைபாக்கு. அவள் மகன் பஸ் ஸ்டாண்டுக் கடையில் அந்தப் புத்தகத்தை வாங்கி, பஸ்ஸில் போகும்போதே படித்திருக்கிறான். விருதை ராஜ்மோகன் பிராது எழுதுகிற அம்மாவின் வீட்டுக்காரர் என்பது கோயிலுக்கு வருகிற எல்லாருக்கும் தெரியும். பூவாயி தாம்பாளத்தை வைத்துவிட்டு அவர் காலில் விழுந்தாள். கதையைப் பாராட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்து அவர் முதலில் சிரித்தார்.

"சாமி ஒங்க கையால தீர்ப்பு எழுதிடுச்சுண்ணே. தொண்ணூறு நாள்கூட ஆவல" என்றாள்.

வீராயி எங்கே என்று கேட்டேன். துரத்தியாகிவிட்டது, வேப்பூரில் அவள் அண்ணன் வீட்டில் கிடக்கிறாள் என்றாள். "பொஸ்தகத்துல போட்ட மாதிரியே மாட்டுக்கொட்டாய பூரா தோண்டிப் பாத்தோம் எழுத்தம்மா. கெடைக்கல. எடத்த மாத்திட்டா, கள்ளி."

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அது முழுக்கக் கற்பனை, எனக்கு ஒன்றும் தெரியாது என்று நாலைந்து விதமாகச் சொன்னார். பூவாயி கோபப்படவில்லை. பிள்ளைக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னாள்.

"சாமி வந்து ஆடுறவங்களுக்கும், ஆடி முடிச்சா தாம் என்ன சொன்னோம்னு தெரியாதுண்ணே."

அதற்குப் பிறகு எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. கம்பெனியில் அவர் நேரம் தவறி அச்சைத் திறந்து வரிசையாகப் பொம்மைகள் பாழாயின. ஞாயிற்றுக்கிழமை, கதையின் கிறுக்கல் நோட்டை எடுத்துக்கொண்டு இருவரும் கருவேப்பிலங்குறிச்சிக்குப் போனோம். அந்த நோட்டில் முதலில் காது குத்த வந்த பத்தர்தான் திருடன். போன மாதக் கதையிலும் பத்தர் வந்துவிட்டதால் அடித்துவிட்டு, தாய்மாமனைப் போட்டிருந்தார். அதையும் அடித்துவிட்டுத்தான் செண்பகம். மூன்றையும் பூவாயி வீட்டு வாசலில் கூடியிருந்தவர்களுக்கு விரித்துக் காட்டினார். சாமி சொல்வதாக இருந்தால் இரண்டு தடவை அடித்துத் திருத்துமா என்று கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் பூவாயியின் மகன், முதல் இரண்டும் நீங்கள் எழுதியது, மூன்றாவதுதான் சாமி எழுதியது என்றான். கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டினார்கள்.

அங்கிருந்து அப்படியே வேப்பூர் போய் விசாரித்தோம். நெடுஞ்சாலை ஓரத்து ஓட்டல் ஒன்றின் பின்பக்கம் வீராயி தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். லாரிகள் நின்று நின்று போகிற இடம். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து எழுந்தாள். இவர்தான் எழுதினவர் என்று நான் சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"என்ன முன்ன எங்கனா பாத்திருக்கீங்களாண்ணே?"

இல்லை என்றார்.

"பாக்காமயே எழுதிட்டீங்களா?"

வீராயி சத்தம் போடவில்லை. ராத்திரி படுக்கும்போது அண்ணன் பெண்டாட்டி தன் டிரங்குப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறாள் என்று சொன்னாள். பிறகு மறுபடியும் உட்கார்ந்து ஒரு தட்டை எடுத்தாள்.

"அழுதவ திருடின்னு எழுதிட்டீங்க. இனிமே நான் எவ வூட்டு எழவுல போயி அழுவேன்? சொல்லுங்க."

திரும்பி வருகிற பஸ்ஸில் நான் கொளஞ்சியப்பரை நினைத்துக்கொண்டே வந்தேன். பாதி வழியில் எனக்கு ஒன்று பட்டது. அந்த ஊர்க்காரர்கள் எங்கள் பேச்சைக் கேட்க மாட்டார்கள், நோட்டைப் பார்த்தாலும் நம்ப மாட்டார்கள். அவர்கள் ஒத்துக்கொள்கிற கோர்ட்டு ஒன்றுதான். அங்கேதான் போக வேண்டும். அவரிடம் சொன்னேன். அவர் அவ்வளவு பக்திமான் இல்லை. என்னோடு வந்தாலும் வெளியே இருக்கிற குதிரைச் சிலைகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர். ஆனால் சரி என்றார்.

ஒரு மாதத்தில் தொண்ணூற்றாறு பக்கம் எழுதுகிறவருக்கு அந்த ஒரு பக்கம் எழுத இரண்டு நாள் ஆயிற்று. நான் எடுத்து எழுதித் தருகிறேன் என்றேன். வேண்டாம், இது என் கையெழுத்திலேயே இருக்கட்டும் என்றார்.

பிராது கட்ட வரச்சொல்லி அழைத்தால் யாரும் மறுக்க மாட்டார்கள். அடுத்த சனிக்கிழமை பூவாயியும் அவள் மகனும் வந்தார்கள். வீராயி தனியாக வந்து கொஞ்சம் தள்ளி நின்றாள். பூவாயி கட்டின பிராதுக்கு அன்றைக்கு எழுபத்தொன்பதாவது நாள். முனியப்பர் வேலுக்கு முன்னால் நின்று அவர் சத்தமாகப் படித்தார்.

"கொளஞ்சியப்பர் சாமிக்கு, விருத்தாசலம் கலியமூர்த்தி எழுதிக்கொள்வது. சங்கிலியை எடுத்தது யார் என்று எனக்குத் தெரியாது. கூட வந்தவள் அழுதாள் என்று என் மனைவி சொன்னதைக் கேட்டு, கதை விற்க வேண்டும் என்று அவளைத் திருடியாக எழுதினேன். நீ எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. நீ சொன்னதை நான் இப்போது மறைக்கிறேன் என்றால், எழுதின இந்த வலது கை விளங்காமல் போகட்டும்."

கடைசி வரியை அவர் என்னிடம் சொல்லவே இல்லை. மண்ணுக்கும் பேனாவுக்கும் அவருக்கு இருப்பது அந்த ஒரு கைதான்.

பூவாயி கிட்டே வந்து அந்தத் தாளைப் பார்த்தாள். "வெளையாட்டு இல்லண்ணே. கைய வெச்சு எழுதியிருக்கீங்க. தெரிஞ்சுதான் எழுதினீங்களா?" என்று கேட்டாள். தெரிந்துதான் என்றார். அவர் தாளை மடித்துக் கட்டினார். அவர் முடிச்சுப் போடுகிறவரை நூலை நான் பிடித்துக்கொண்டேன்.

பூவாயி தன் மகனைப் பார்க்காமலேயே வீராயி பக்கம் திரும்பி, வூட்டுக்கு வா என்றாள். வீராயி நகரவில்லை.

"ஒம் பிராதுக்கு இன்னும் பதினோரு நாளு இருக்குதில்ல? அது ஆவட்டும். சாமி எம் பேரச் சொல்லலன்னா, பன்னண்டாம் நாளு நீயே வேப்பூர் வந்து கூப்புடு. வரேன்."

அந்தப் பதினோரு நாளையும் நான் எப்படிக் கழித்தேன் என்று சாமிக்குத்தான் தெரியும். தினம் காலையில் எழுந்ததும் அவர் கையைப் பார்ப்பேன். ஐந்தாம் நாள் காலையில் அவர் எழுந்து, கை மரத்துப்போயிருக்கிறது, தூக்க முடியவில்லை என்றார். எனக்கு உலகமே நின்றுவிட்டது. அந்த நேரத்தில் என் மனசில் வந்ததை எழுதக் கூசுகிறது. ஒருவேளை வீராயிதான் எடுத்தாளோ என்று வந்தது. தண்ணீர் கொடுத்த நானே நினைத்தேன். கையை அடியில் வைத்துப் படுத்துவிட்டிருக்கிறார், அவ்வளவுதான். டீ குடிப்பதற்குள் விரல் மடங்கிவிட்டது. அவர் சிரித்தார். நான் பூஜை மாடத்துக்கு முன்னால் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

நடுவில் பாலகிருஷ்ணன் சார் பக்கத்துக் கடைக்குப் போன் பண்ணி, புத்தகம் நன்றாகப் போகிறது, அதே மாதிரி உங்கள் ஊர்ப்பக்கத்துக் கதை இன்னொன்று வேண்டும் என்றார். "இனிமே கொலையெல்லாம் ஊட்டி பங்களாவுலதான் சார்" என்று இவர் சொல்லிவிட்டார். ஊட்டியை அவர் பார்த்தது கிடையாது.

பன்னிரண்டாம் நாள் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அவரும் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டார். காலையிலேயே இருவரும் விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்துகொண்டோம். வேப்பூரிலிருந்து வருகிற ஒவ்வொரு பஸ்ஸையும் பார்த்தோம். முதல் பஸ்ஸில் இல்லை. அடுத்ததிலும் இல்லை. பதினொரு மணி ஆனதும் பூவாயி போகவே இல்லையோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. அவர் வலது கை விரல்களை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார்.

நாலாவது பஸ்ஸில் பூவாயி இறங்கினாள். இடுப்பில் ஒரு துணிமூட்டை. அது அவளுடையது இல்லை. பின்னால் வீராயி வெறுங்கையோடு இறங்கினாள்.

எங்களைப் பார்த்துவிட்டார்கள். பூவாயி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். வீராயி நேராக எங்களிடம் வந்தாள். சிரிக்கவில்லை. அவரைப் பார்த்து, "கருவேப்பிலங்குறிச்சி பஸ்ஸு போயிடுச்சாண்ணே?" என்று கேட்டாள்.

"இன்னும் போவலம்மா. அதோ நிக்குது" என்று அவர் கையை நீட்டிக் காட்டினார்.

இருவரும் ஏறி ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். சங்கிலி இன்றுவரை கிடைக்கவில்லை. அந்த பஸ் வளைவு திரும்புகிறவரை அவர் நீட்டின கையை மடக்கவே இல்லை.